சண்டிங் இஞ்சின் மொடல்: முதல் தடவை செய்பவர்கள் விடும் பிழைகள்

பெட்டியில் வரும் பாகங்கள் எதுவும் இல்லாமல், தகட்டையும் குழாயையும் வெட்டியே ஒரு சின்ன நீராவிச் சண்டிங் இஞ்சின் (நிலையத்துக்குள் றெயில் பெட்டிகளை இழுத்துத் தள்ளி ஒழுங்குபடுத்தும் சிறிய இஞ்சின்) மொடல் செய்யப் போகிறவர் அநேகமாகக் கொதிகலனிலும் சாரதி நிற்கும் கூண்டிலும்தான் கை வைப்பார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதத்தில் அழகான மேல்பாகம் கிடைத்தது. மொடலை ஓட்டும் மின்மோட்டர் அதற்குள் போகவில்லை. முதலில் ஓடுகிற அடிச்சட்டம், அப்புறம்தான் உடல்.

அதற்கும் முன்னால் அளவுத்திட்டம். எங்கள் திருகோணமலைக்கு வரும் றெயில் பாதையின் அகலம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், 1676 மில்லிமீற்றர். 1:76 அளவில் (உண்மையில் 76 மி.மீ. இருப்பது மொடலில் 1 மி.மீ.) அது 22 மி.மீ. ஆகும். கடையில் கிடைக்கும் பாதையோ 16.5 மி.மீ. அந்தப் பாதையில் நம் அகலப்பாதை இஞ்சினை வைத்தால் கால் ஒடுங்கிய மாடு போலத் தெரியும். ஒன்றில் பாதையையும் நீங்களே போடுங்கள், அல்லது முன்பு களனிவெளிப் பாதையில் ஓடியது போன்ற 762 மி.மீ. ஒடுங்கிய பாதை இஞ்சினை 1:43.5 அளவில் செய்யுங்கள். அதற்கு 17.5 மி.மீ. வேண்டும். 16.5 மி.மீ. பாதையில் ஒரேயொரு மில்லிமீற்றர்தான் குறையும், கண்ணுக்குப் படாது. சிறிய இஞ்சினும் கையில் பிடிக்கிற பருமனில் வரும்.

இஞ்சினைக் கெடுக்கும் பெரிய பிழை, ஒரு பக்கத்துச் சில்லுகளைச் சேர்த்துப் பூட்டும் இணைப்புத் தண்டில்தான் இருக்கிறது. அச்சுகளுக்கு இடையிலான தூரமும் தண்டின் துளைகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். தனித்தனியாக அளந்து துளைத்தால் அது நடக்காது. கால் மில்லிமீற்றர் விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி, இஞ்சின் நொண்டும். இரண்டு தண்டுகளையும் ஈயம் வைத்து ஒன்றாக ஒட்டித் துளையுங்கள். பக்கச்சட்டங்கள் இரண்டையும் அதே மாதிரி ஒட்டி, தண்டின் துளை வழியாகவே அவற்றின் அச்சுத் துளைகளைக் குறியுங்கள். பிறகு சூடாக்கிப் பிரித்தால் நான்கிலும் ஒரே தூரம்.

ஒரு பக்கத்துக் கிராங்க் (சில்லில் தண்டு பூட்டும் முளை) மற்றப் பக்கத்தைவிட 90 பாகை தள்ளி நிற்க வேண்டும். ஒரு பக்கத் தண்டு உந்த முடியாத இடத்துக்கு வரும்போது மற்றது சில்லைத் திருப்புவதற்குத்தான் அது. மொடலில் 88 பாகையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் எல்லா அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். பலர் 90ஐத் துரத்திக்கொண்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். பல்சக்கரத்தைப் பூட்டுவதற்கு முன் அடிச்சட்டத்தைச் சரிந்த கண்ணாடியில் வையுங்கள். தானாக உருண்டு இறங்கினால் சரி. இறங்காவிட்டால் மோட்டரைப் பூட்டி இழுக்கப் பார்க்காதீர்கள்.

மோட்டருக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சில்லு வழியாகத்தான் வருகிறது; நாலு சில்லு இஞ்சின் மூன்று சில்லில் நின்றால் அது விட்டு விட்டுத்தான் வரும். ஒரு அச்சை நடுவில் தாங்கி, கொஞ்சம் ஆட விடுங்கள். கொதிகலனுக்குள் ஈயத்துண்டு வைத்துப் பாரமும் ஏற்றுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு பிழையும் உண்டு. ஈயம் பற்றவைக்கப் பூசும் அமிலத்தை நன்றாகக் கழுவாமல் விடுவது. உப்புக்காற்றில் என் முதல் அடிச்சட்டத்தின் மூலைகளில் பச்சைப் பூ பூத்தது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, வெய்யிலில் காய வையுங்கள். இரும்பு அச்சுகளுக்கு ஒரு பொட்டு எண்ணெய்.

பிளாஸ்ரிக் தகட்டில் உடல் செய்கிறவர்களுக்கு வெய்யில் வேறு விதமான எதிரி. பெட்டி போல மூடி ஒட்டிய தண்ணீர்த் தாங்கிக்குள் பசையின் ஆவி அடைபட்டு, மாதங்கள் கழித்துச் சுவர் உள்ளே குழியும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு விடுங்கள். அதை யன்னலோரம் வைக்கவும் வேண்டாம்.

பெயின்ற் அடிப்பதை மாரிக்கு விடாதீர்கள். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் விசிறும் வார்னிஷ் பால்போல வெளுத்துவிடும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதத்தில் அடியுங்கள், அதுவும் புழுதி கிளம்புவதற்கு முன், காலையிலேயே.