பாட்டின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள்

தியாகராஜர் இயற்றிய கர்நாடக இசைக் கீர்த்தனை ஒன்றை, 'சக்கனி ராஜ' என்று தேடினால் நான் சந்தா கட்டும் இசை ஆப் முதலில் காட்டுவது கீபோர்டு இசை. பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தியாகராஜர்! 1847-இல் மறைந்தவர் எந்த ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடினாரோ.

இப்போதெல்லாம் பாடகர் பெயரோடு ராகத்தைச் சேர்த்துத் தேடுகிறேன்: செம்மங்குடி, கரகரப்பிரியா. ஆங்கிலத்தில் அடிப்பதாக இருந்தால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்க்கவேண்டும். தோடி ராகத்துக்கு ஹெச் போட்டால் ஒரு பட்டியல், போடாவிட்டால் வேறொன்று.

அப்புறம் நேரத்தைப் பார்ப்பேன். மூன்று நிமிடம் என்றால் பெரும்பாலும் பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு, ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் அடங்கும். (அதற்குள் ராகத்தைப் பிழிந்து கொடுத்திருப்பார்கள், ஒதுக்கிவிடாதீர்கள்.) இருபது நிமிடத்தைத் தாண்டினால் ஆலாபனை (பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), ஸ்வரம் (ச ரி க ம என்று பாடுவது) எல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம். சில ஆல்பங்களில் ஆலாபனையைத் தனி டிராக்காக வெட்டியிருப்பார்கள். ஷஃபிளை அணைக்காவிட்டால் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முதலில் வந்து நிற்கும்.

ஒரு கச்சேரி பிடித்துப்போனால் பக்கவாத்தியக்காரர் யார் என்று பார்த்து, அந்தப் பெயரில் அடுத்ததைத் தேடுவேன். லால்குடி ஜெயராமனின் வயலினைப் பின்தொடர்ந்தே அரியக்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று பாடகர் பாடகராகப் போய்க்கொண்டிருக்கலாம்.