கிட்டில் கோப்பின் பெயர் மாற்றினால் வரலாறு வரவில்லையா?

சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு, குலை எடையை வைத்துச் சம்பளம் போடும் நிரலை நானும் ஒரு தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம்; அதில் ஒரு முறை சேமிப்பதுதான் ஒரு கமிட். அவர் ஒரு கோப்பின் பெயரை மாற்றி, அதே கமிட்டில் அதன் முக்கால்வாசியைத் திருத்தியும் விட்டார். அப்புறம், மாற்றங்களைப் பட்டியலிடும் கிட் லாக்கில், பெயர் மாறினாலும் பின்தொடரும் ஃபாலோ போட்டாலும் பழைய வரலாறு வரவில்லை.

கிட் பெயர் மாற்றத்தைப் பதிந்து வைப்பதே இல்லை. ஒவ்வொரு கமிட்டிலும் கோப்புகளின் முழு நிலையைச் சேமித்து, கேட்கும்போது ஒப்பிட்டு ஊகிக்கிறது. ஒற்றுமை 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பழையது அழிந்தது, புதியது வந்தது என்று சொல்லிவிடும். கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலில் நாம் சொன்னால் பெயர் மாற்றம் பதிவாகும். ஆனால் சொல்ல வேண்டுமே! எனக்கு ஊகமே தேவலை.

கமிட் இன்னும் புஷ் ஆகவில்லை, அதாவது அவர் கணினியை விட்டு வெளியே போகவில்லை. சாஃப்ட் ரீசெட் செய்து (திருத்தங்களை வைத்துக்கொண்டு கமிட்டை மட்டும் விலக்கி), பெயர் மாற்றம் தனி, திருத்தம் தனி என இரண்டு கமிட்டாகப் பிரித்தேன். வரலாறு வந்துவிட்டது. “மெர்ஜில், அதாவது மற்ற வேலையோடு இணைக்கும்போது, ஸ்குவாஷ் போடாதீங்க தம்பி, இரண்டு கமிட்டும் மறுபடி ஒன்றாகிவிடும்” என்று சொல்லி வைத்தேன்.