போலந்து வீட்டில் ஈஸ்டர்: கூழ் தெரிந்த கைக்கு ஒரு ஜுரெக்

கிராக்கோவில் படித்த இரண்டு வருடமும் ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். அம்மா, அப்பா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. பாட்டியை அங்கே ‘பாப்ச்சா’ என்பார்கள். 2024, 2025 இரண்டு ஈஸ்டரும் அவர்களோடுதான். முதல் வருடம் சறுக்கியது, இரண்டாம் வருடம் நன்றாக வந்தது. இப்போது பாலக்கோட்டுக்குத் திரும்பிவிட்டேன். தருமபுரி, ஓசூர் பக்கமிருந்து போலந்துக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் வரிசையாக எழுதுகிறேன். விசா, டிக்கெட் பற்றி இதில் இருக்காது.

1. தேதியும் கடையும்

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. அங்கே புனித வெள்ளி அரசு விடுமுறை இல்லை, வகுப்பு இருக்கலாம். ஞாயிறும் திங்களும்தான் விடுமுறை. அதற்கு முந்தின சனிக்கிழமை பெரிய கடைகள் மதியம் 2 மணிக்கு மூடிவிடும், பிறகு செவ்வாய்க்கிழமைதான். வாங்க வேண்டியதை வியாழனுக்குள் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2024 ஈஸ்டர் அதே நாளில் வந்தது. காலை 6 மணிப் பூசைக்கு நான் பழைய நேரம் காட்டிய மேசைக் கடிகாரத்தை நம்பிப் படுத்திருந்தேன். குடும்பமே வாசலில் நின்று காத்திருந்தது. 2027இலும் அதே நாள்தான். போனில் அலாரம் வையுங்கள், அது தானாக மாறிக்கொள்ளும்.

2. ஊரிலிருந்து என்ன கொண்டுபோவது

பால்கோவா, நெய் இனிப்பு, கறி எதுவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் பையில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. சான்றிதழ் இல்லாமல் மாம்பழமும் கூடாது, கிருஷ்ணகிரி மாம்பழம் ஆனாலும் சரி. எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் போதும். வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டு அம்மாவை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பெயருக்கு முன் ‘பானி’, ஐயாவுக்கு ‘பான்’. அவர்களாகவே வேண்டாம் என்று சொல்லும்வரை அப்படியே இருக்கட்டும்.

3. ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

எனக்கு இதுதான் முக்கியம். விருந்தாளியாக உட்கார்ந்திருந்தால் மூன்று நாளும் சாப்பிட்டுவிட்டுச் சிரிப்பதோடு முடிந்துவிடும். ஒரு வேலை உங்கள் கையில் இருந்தால், அரைகுறை போலிஷ் மொழியிலும் அடுப்படியில் பேச்சு ஓடும். நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது ஜுரெக். கோதுமை போன்ற ‘ரை’ என்கிற தானியத்தின் மாவைப் புளிக்க வைத்துச் செய்யும் சூப், ஈஸ்டர் காலையில் மேசைக்கு வருவது. கேழ்வரகுக் கூழ் தெரிந்தவனுக்கு இது பாதி தெரிந்த வேலை.

அந்தப் பாதிதான் என்னை ஏமாற்றியது. நம் வீட்டில் கேழ்வரகு மாவை ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் புளித்திருக்கும். அங்கேயும் அப்படியே என்று நினைத்தேன். இரண்டாம் நாள் முகர்ந்து பார்த்தேன், பச்சை மாவு வாசம்தான். சூடு போதவில்லை என்று ஜாடியை இறுக மூடி ஹீட்டர் மேல் வைத்துவிட்டு, கிளறாமல் விட்டேன். நான்காம் நாள் மேலே பச்சைப் பூஞ்சை. பாப்ச்சா ஒன்றும் சொல்லாமல் கொட்டிவிட்டு, கடையில் பாட்டிலில் விற்கும் புளித்த மாவுத் தண்ணீரை வாங்கிவரச் சொன்னார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, என்னை நம்பி விட்ட வேலை அது.

இரண்டாம் வருடம் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தது இது. இந்தப் புளித்த மாவுத் தண்ணீருக்கு ‘ஸக்வாஸ்’ என்று பெயர்.

ஈஸ்டருக்கு ஆறு நாள் முன்பு தொடங்குங்கள். ரை மாவு 100 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், தட்டிய பூண்டு நான்கு பல், பிரியாணி இலை இரண்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் ஆல்ஸ்பைஸ் நான்கு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கை பொறுக்காத சூட்டில் ஊற்றினால் மாவு வெந்துவிடும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, ரை ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்றையும் போடுங்கள். புளிப்பு சீக்கிரம் பிடிக்கும்.

வாய் அகன்ற கண்ணாடி ஜாடிதான் என் தேர்வு. பிளாஸ்டிக் டப்பாவில் பூண்டு வாசம் ஏறிவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ளே நடப்பது தெரியாது. வாயில் மெல்லிய துணி, ரப்பர் பேண்டு. மூடி வேண்டாம். ஹீட்டர் பக்கமே போகாதீர்கள், சமையலறை அலமாரி மேல் போதும்.

தினமும் மரக்கரண்டியால் அடிவரை கிளற வேண்டும். மாவு அடியில் தங்கிவிடும், பூண்டும் ரொட்டித் துண்டும் மேலே மிதக்கும். மிதப்பதில் காற்றுப் பட்டுப்பட்டுப் பூஞ்சை பிடிக்கிறது. கிளறினால் அவை நனைந்துகொண்டே இருக்கும், அதற்குள் தண்ணீரும் புளிப்பேறிவிடும். புளிப்பேறிய தண்ணீரில் பூஞ்சை எளிதில் வராது. மூன்றாம் நாள் நுரை வரும், ஐந்தாம் நாள் நீச்சத்தண்ணீர் போலப் புளிக்கும். அப்போது வடிகட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெள்ளை நுரை நல்லது. பஞ்சு போல முளைத்திருந்தால், எந்த நிறமானாலும், மேலே மட்டும் எடுக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

சேர்க்கை: பூண்டு நீலமாகிவிட்டதே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். புளிப்பில் பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறும், பயமில்லை. இன்னொருவர் ரை என்பதைக் கம்பு என்று எடுத்துக்கொண்டு கம்பு மாவைப் பையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். கம்பு வேறு, ரை வேறு. கடையில் ‘ஜிட்னியா’ என்று எழுதிய பொட்டலம், தவிடோடு இருக்கும் 2000ஆம் எண் வகையைக் கேளுங்கள். ‘ப்ஷென்னா’ என்றால் கோதுமை.

சமைப்பது சுலபம். வெள்ளை சாசேஜை வெங்காயத்தோடு மிதமான தீயில் அரை மணி நேரம் வேகவைத்து எடுத்துவிடுங்கள். அந்தச் சாறு ஒன்றரை லிட்டருக்கு அரை லிட்டர் ஸக்வாஸ், அடியைக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். கொதித்ததும் கடுகு போலக் காரமான ஹார்ஸ்ராடிஷ் வேரின் துருவல், உள்ளங்கையில் கசக்கிய மர்ஜோரம். இது நம் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மருவேதான். முதல் முறை முகர்ந்தபோது பூக்கடை வாசம் வந்து அப்படியே நின்றுவிட்டேன். கிரீமைத் தனிக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சூப்போடு கலந்து பிறகு சேர்த்தால் திரியாது. சாசேஜில் உப்பு இருக்கும், கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். கிண்ணத்தில் சாசேஜும் அவித்த முட்டையும். கறி சாப்பிடாதவர்கள் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், காய்கறிச் சாற்றிலும் இது நன்றாகவே வரும்.

4. முட்டை

வெங்காயச் சருகை ஒரு மாதம் சேர்த்துவைப்பார்கள். பத்து வெங்காயத்தின் சருகை இருபது நிமிடம் கொதிக்கவிட்டு ஆறியதும், ஒரு கரண்டி வினிகர் ஊற்றி, முட்டைகளைப் போட்டுப் பத்து நிமிடம் வேகவையுங்கள். ஆழ்ந்த செம்பழுப்பு வரும். அதன்மேல் கூரான எதையாவது வைத்துச் சுரண்டி வரைவது ‘ட்ராபான்கி’. கத்தியைவிட நம் ஊக்கு நல்லது, கை வழுக்காது. நான் புள்ளிக் கோலம் சுரண்டினேன். சிக்குக் கோலத்தின் வளைவுகள் முட்டையில் எனக்கு வரவில்லை. பிள்ளைகள் இருவரும் ஐந்து புள்ளிக் கோலம் கற்றுக்கொண்டார்கள்.

5. சனிக்கிழமைக் கூடை

வெள்ளைத் துணி விரித்த சின்னக் கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, சாசேஜ், ஹார்ஸ்ராடிஷ், வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி, ‘பாப்கா’ என்கிற கேக், சுற்றிலும் பச்சைத் தழை. கோவிலுக்குக் கொண்டுபோனால் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார். சில நிமிட வேலை, எந்த மதத்தவரும் கூடப் போகலாம். மந்திரித்த எதையும் ஞாயிறு காலைவரை தொடக்கூடாது.

6. ஞாயிறு

விடியற்காலைப் பூசையில் முதலில் கோவிலை மூன்று முறை சுற்றிப் பவனி போவார்கள். எலத்தகிரிக்காரனான என் நண்பன் கிளம்பும்போதே சொல்லியனுப்பினான்: கத்தோலிக்கர் இல்லையென்றால் நற்கருணை வாங்க வரிசையில் போகாதே, இருந்த இடத்திலேயே நில், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்படியே செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மந்திரித்த முட்டையைத் துண்டுபோட்டு, ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். அப்புறம்தான் சாப்பாடு. ‘வெசோவெகோ அல்லெலூயா’ என்று சொல்லப் பழகிவையுங்கள். பாப்ச்சா என் கையில் முட்டைத் துண்டை வைத்தபோது, உன் அம்மாவுக்கு நல்ல உடம்பு இருக்கட்டும் என்றார். எனக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

7. திங்கள்

எழுந்ததும் போனைத் தூரமாக வையுங்கள். அன்றைக்கு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் நாள், ‘ஷ்மிகுஸ் டிங்குஸ்’. மாரியம்மன் பண்டிகையில் முறைக்காரர்மேல் மஞ்சத்தண்ணீர் ஊற்றுவது தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கோப்பையில் கொஞ்சம் எடுத்து வீட்டுக்குள்ளேயே, தெரிந்தவர்மேல் மட்டும். காலையில் ஏழு, எட்டு டிகிரி இருந்தாலும் ஊற்றுவார்கள், மாற்று உடை வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை: இந்த வருடம் பாலக்கோட்டில் ரை மாவு கிடைக்காமல் கேழ்வரகு மாவில் போட்டுப் பார்த்தேன். நம் வெயிலுக்கு இரண்டே நாளில் புளித்துவிட்டது. நிறம் கருத்திருந்தாலும் ருசி கிட்டத்தட்ட வந்தது. வீடியோ அழைப்பில் ஜாடியைக் காட்டினேன். பாப்ச்சா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தினமும் கிளறினாயா?”