ஃப்ரீசர் ட்ரேயில் ஐஸ் ஹாக்கி: வீட்டிலேயே செய்து பார்க்க ஆறு படிகள்

ஐஸ் ஹாக்கியை டிவியில் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வேகமும் மோதலும். எனக்கு அந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது காலுக்குக் கீழே இருக்கிற தரைதான். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அவ்வளவு பெரிய இடத்தில் ஐஸின் கனம் சுமார் ஒரு அங்குலம்தான். அந்த ஒரு அங்குலத்தைச் சரியான குளிரிலும் சரியான கெட்டியிலும் வைத்திருப்பதில் ஆட்டத்தின் பாதி அறிவியல் இருக்கிறது. மட்டையும், பந்துக்குப் பதிலாக அடிக்கிற பக் என்ற ரப்பர் வட்டும் அதற்கப்புறம்தான்.

கொங்கு நாட்டில் இருக்கிறவர்களுக்கு இது எட்டாத விஷயமே இல்லை. ஐஸ் ரிங்க்கை, அதாவது இந்த ஐஸ் மைதானத்தை, ஓட்டுகிற தொழில்நுட்பம் நம் ஊர் ஐஸ் கம்பெனியிலும், ஸ்பின்னிங் மில்லிலும், கிரைண்டிங் பட்டறையிலும் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜை வைத்தே அதை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் ஒரு எவர்சில்வர் ட்ரே, ஒரே அளவில் மூன்று எவர்சில்வர் டம்ளர் (கண்ணாடி வேண்டாம், விரிசல் விடும்), ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ரப்பர் பந்து, ஒரு ரூபாய் நாணயம், வளையக்கூடிய 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல், செல்போன், கொஞ்சம் அட்டை.

படி 1: தண்ணீரில் தொடங்குங்க

முதல் டம்ளரில் போர்வெல் உப்புத் தண்ணி. இரண்டாவதில் நல்ல தண்ணி. சிறுவாணி வருகிற வீடு என்றால் ரொம்பச் சௌகரியம். மூன்றாவதில் அதே நல்ல தண்ணியை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, மூடி ஆற வைத்து ஊற்றுங்க. மூன்றையும் முக்கால் அளவு நிரப்பி ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்க.

காலையில் கட்டிகளை வெளியே தட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்க. ஓரம் தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் இருக்கும். தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. உறைகிற படிகத்துக்குள் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு மட்டும்தான் இடம். கரைந்திருந்த காற்றும் உப்பும் உள்ளே தள்ளப்பட்டு, கடைசியாக உறைகிற நடுப்பகுதியில் மாட்டிக்கொள்கின்றன. கொதிக்க வைத்த தண்ணியில் காற்று குறைந்துவிட்டதால் அந்தக் கட்டியில் வெள்ளை குறைவாக இருக்கும். ஐஸ் கம்பெனியிலிருந்து வருகிற பெரிய ஐஸ் பாரை அறுக்கும்போது நடுவில் ஓடுகிற வெள்ளைப் பட்டையும் இதே காரணத்தால் வருவதுதான்.

இப்போது ஒரு ஸ்பூன் முனையால் உப்புத் தண்ணிக் கட்டியின் நடுவைச் சுரண்டுங்க. அது மற்றதைவிடச் சீக்கிரம் பொடியாகும். படிகங்களுக்கு நடுவே சிக்கிய உப்புக் கரைசல் அவ்வளவு எளிதில் உறையாது. அதனால் ஐஸ் இளகலாகவே நிற்கிறது. பல ரிங்க்குகள் சுத்திகரித்த தண்ணீரைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான். குளியலறை ஹீட்டர் காயிலில் உப்பு படிந்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படி 2: மெல்லிய அடுக்குகளாக ஐஸ் போடுங்க

ட்ரேயை ஃப்ரீசரில் சமமாக வைக்க வேண்டும். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்க. இல்லையென்றால் கொஞ்சம் தண்ணீர் விட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அட்டையை மடித்து அடியில் கொடுங்க. பிறகு கொதித்து ஆறிய நல்ல தண்ணியில் 120 மில்லி ஊற்றுங்க. இந்த அளவு ட்ரேயில் அது 2 மில்லிமீட்டர் கனம் வரும். முழுக்க இறுகிய பிறகு அடுத்த 120 மில்லி. இப்படி ஆறு தடவை. ஒரேயடியாக ஊற்றினால் மேலே முதலில் ஓடு கட்டி, உள்ளே விரிந்து, நடுவில் மேடு தட்டிவிடும். ரிங்க்கிலும் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அடுக்குகிறார்கள். நடுவே ஓர் அடுக்குக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, கோடுகள் போட்டு, மேலே மறுபடி ஐஸ் ஏற்றுகிறார்கள்.

ரிங்க்கில் குளிர் கீழேயிருந்து வருகிறது. கான்கிரீட் தளத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள் பதிந்திருக்கும். அவற்றில் உறையாத உப்புக் கரைசலோ கிளைக்காலோ ஓடும். பெரும்பாலும் அது கால்சியம் குளோரைடு கரைசல். அதைக் குளிர்விப்பது பல இடங்களில் அமோனியா கம்ப்ரசர். நம் ஐஸ் கம்பெனிக்குள் போனால் பார்க்கிற அமைப்பும் ஏறக்குறைய இதேதான்: அமோனியா, கம்ப்ரசர், உப்புத் தண்ணித் தொட்டி, அதில் இறக்கிய கேன்கள். அங்கே கேனில் இருக்கிற தண்ணீர் இங்கே தளத்தின் மேல் பரவிக் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கனத்தை ஒரு அங்குலத்தோடு நிறுத்துவதற்கும் இதுவே காரணம். ஐஸ் கனமானால் கீழேயிருந்து வரும் குளிர் மேல்பரப்புக்குச் சரியாக எட்டாது. மேலே இளகும், கரண்ட் பில்லும் ஏறும்.

ட்ரே தயாரானதும் முள்கரண்டியால் மேலே கோடு கோடாகக் கீறுங்க. ஸ்கேட் (அடியில் ஸ்டீல் பிளேடு வைத்த ஷூ) போகும் இடத்தில் இப்படித்தான் ஆகும். பாதிப் பக்கம் சூடான தண்ணீர், மீதிப் பக்கம் குளிர்ந்த தண்ணீர் என மெல்லியதாக ஒரு படலம் விட்டு உறைய வையுங்க. சூடான பக்கத்தில் கீறல் நன்றாக அடைபட்டிருக்கும். சூடான தண்ணீரில் காற்று குறைவு. அது பழைய ஐஸின் மேல்தோலைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆட்டத்தின் 20 நிமிடப் பகுதிகளுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வருகிற ஜாம்போனி வண்டி செய்வதும் இதையே: முதலில் பிளேடால் மேல்பரப்பைச் சீவும், பிறகு கழுவும், கடைசியில் சூடான தண்ணீரைத் துணி வைத்துப் பரப்பும். 1949-ல் அதை உருவாக்கிய ஃபிராங்க் ஜாம்போனி, கலிபோர்னியாவில் ஐஸ் பார் தயாரிக்கும் தொழிலில் இருந்தவர். வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் வந்து ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு, கையில் இருந்த குளிர்பதன அனுபவத்தை வைத்து ரிங்க் தொடங்கினார். அதுவரை பல ஆட்கள் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்துவந்த வேலையை ஒரே வண்டியில் அடக்கினார். பட்டறையில் தானே பொருத்திப் பார்த்துப் பார்த்து ஒரு மிஷினைக் கண்டுபிடிக்கிற அந்தக் குணம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு உடனே புரியும்.

ட்ரேயை மூடாமல் வைத்தால் மேலே வெள்ளைப் பொடி படியும். அது காற்றின் ஈரம் நேராக உறைந்தது. ரிங்க்குக்கு இது பெரிய தலைவலி. ஈரம் அதிகமானால் ஐஸின் மேல் பனிமூட்டமே எழும். பல்லடம், உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் நூல் அறுந்துவிடாமல் இருக்க ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் வைத்துக் காற்றில் ஈரம் ஏற்றுகிறோம். ரிங்க்கில் அதற்கு நேர் எதிராக, மிஷின் வைத்து ஈரத்தை இறக்குகிறார்கள்.

படி 3: ஏன் வழுக்குகிறது என்று பாருங்க

ஒரு ரூபாய் நாணயம் எவர்சில்வரால் ஆனது. ஸ்கேட் பிளேடும் ஸ்டீல்தான். நாணயத்தையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்க, இல்லையென்றால் அது ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ட்ரேயை எடுத்து, நாணயத்தை மேலே வைத்து, ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்க. நாணயம் நகரத் தொடங்கும்போது முனையின் உயரத்தை அளந்து, தரையில் ட்ரே அடைக்கிற நீளத்தால் வகுத்தால் வருவதுதான் உராய்வு எண்.

எடுத்தவுடன் ஐஸ் மைனஸ் 18 டிகிரி பக்கம் இருக்கும். நாணயம் எளிதில் அசையாது. சில நிமிடம் கழித்து மறுபடி செய்யுங்க. குறைந்த உயரத்திலேயே சறுக்கும். இன்னும் விட்டு மேலே தண்ணீர் தேங்கிய பிறகு செய்தால், அந்தத் தண்ணீரே நாணயத்தைப் பிடித்து இழுக்கும். ரொம்பக் குளிர்ந்தாலும் கெடுதல், ரொம்ப இளகினாலும் கெடுதல். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. ஸ்கேட்டுக்கு உராய்வு மிகக் குறைவாக இருப்பது மைனஸ் 7 டிகிரியை ஒட்டி. ஹாக்கி ஐஸை மைனஸ் 5 டிகிரியை ஒட்டி வைக்கிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் இளகலாக விடுவார்கள். குதித்து இறங்குகிறவர்களுக்குக் கெட்டி ஐஸ் ஆகாது.

பள்ளியில் பலருக்குச் சொல்லித்தந்த விளக்கம், உடல் எடையின் அழுத்தத்தால் ஐஸ் உருகுகிறது என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஸின் உருகுநிலையை 1 டிகிரி இறக்க 130 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில், 3 மி.மீ. அகல பிளேடில் 10 செ.மீ. நீளம் ஐஸில் பட நின்றால் வருவது சுமார் 23 வளிமண்டலம். உருகுநிலை 0.2 டிகிரிகூட இறங்காது. ஐஸைத் தொடுகிற பரப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்தாலும் 2 டிகிரியைத் தாண்டாது. மைனஸ் 5-ல் இது போதவே போதாது.

வழுக்கலுக்கு முக்கியமான காரணங்கள் வேறு இரண்டு. இரண்டு ஐஸ் கட்டிகளை அழுத்திப் பிடியுங்க, ஒட்டிக்கொள்ளும். 1850-ல் மைக்கேல் ஃபாரடே இதை வைத்துத்தான், உறைநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேல்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது என்று வாதிட்டார். மேலே இருக்கிற மூலக்கூறுகளைப் பிடித்து வைக்க ஒரு பக்கம் ஆள் இல்லை. அதனால் அவை தளர்வாக அலைகின்றன. இன்னொன்று, உராய்வின் சூடு. 1939-ல் பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகளும் அளந்து காட்டியது இதை. பிளேடு ஓடும் வேகத்திலேயே சூடு பிறந்து, அடியில் மெல்லிய தண்ணீரை உண்டாக்குகிறது. நம் நாணயம் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் இந்தச் சூடு அதற்குக் கிடைப்பதில்லை. ஓடுகிற ஸ்கேட்டின் உராய்வு எண் 0.005 அளவுக்கு இறங்கும். ஒரு மீட்டர் நீளப் பலகையை வெறும் 5 மில்லிமீட்டர் தூக்கினால் போதும் என்கிற கணக்கு அது.

படி 4: பிளேடின் அடிப்பக்கம்

இதற்கு வீட்டுச் சோதனை இல்லை, ஒரு கிரைண்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் போதும். ஹாக்கி ஸ்கேட்டின் பிளேடு கத்தியைப் போல ஒரே கூர் கொண்டது இல்லை. அடியில் நீளவாக்கில் ஒரு குழி ஓடும். இரண்டு ஓரமும் இரண்டு கூர். சாணை வீலின் விளிம்பை வைர முனையால் டிரெஸ் பண்ணி, அதாவது சீவி, அரை அங்குல ஆரத்துக்கு வளைவாக்கி, அதில் பிளேடை நீளமாக ஓட்டினால் அந்தக் குழி விழும். ஆரம் சின்னதானால் குழி ஆழம். திருப்பத்தில் ஐஸை நன்றாகக் கடிக்கும், ஆனால் நேர் ஓட்டத்தில் இழுக்கும். எது வேண்டும் என்பதை ஆட்டக்காரர் தன் எடையையும் ஆட்டத்தையும் பார்த்து முடிவுசெய்வார். வீல் டிரெஸ்ஸிங் தெரிந்த யாரும் இதை ஒரு நாளில் கற்றுக்கொண்டுவிடலாம்.

படி 5: பக்கை ஏன் உறைய வைக்கிறார்கள்

இரண்டு ரப்பர் பந்தில் ஒன்றை ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, காலையில் இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து போடுங்க. குளிர்ந்தது குறைவாகத் துள்ளும். எவ்வளவு குறையும் என்பது ரப்பரின் ரகத்தைப் பொறுத்தது. ரப்பரின் நீள மூலக்கூறுச் சங்கிலிகள் குளிரில் சுறுசுறுப்பு இழக்கின்றன; விழுந்த சக்தியைத் திருப்பித் தராமல் உள்ளேயே சூடாக்கிவிடுகின்றன. பக் என்பது 3 அங்குல விட்டமும் ஒரு அங்குல கனமும் உள்ள கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் வட்டு. அது துள்ளினால் ஆட்டமே கெட்டுவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்து, ஆட்டத்தின்போது மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

படி 6: ஷாட்டும் கோலியும்

மேஜையில் பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்தி, முனையால் நாணயத்தைத் தள்ளுங்க. பிறகு ஸ்கேலைப் பின்னுக்கு வளைத்து விட்டு அடியுங்க. இரண்டாவது எங்கேயோ போய் விழும். மட்டையை ஓங்கி அடிக்கிற ஸ்லாப் ஷாட்டில் ஆட்டக்காரர் பக்கை நேராக அடிப்பதில்லை. பக்குக்குக் கொஞ்சம் பின்னால் ஐஸில் மட்டையை இறக்குகிறார்; மட்டை வளைகிறது; அந்த வளைவு நிமிரும்போது பக் பறக்கிறது. மட்டையில் எழுதியிருக்கிற ஃப்ளெக்ஸ் எண், நடுவை ஒரு அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. 85 என்றால் சுமார் 39 கிலோ எடை.

பக்கின் எடை 156 முதல் 170 கிராம் வரை; கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறக்குறைய அதேதான். 2012-ல் என்.எச்.எல். ஆட்டக்காரர் ஸ்டெனோ சாரா வேகப் போட்டிக்காக அடித்த ஷாட் மணிக்கு 175 கிலோமீட்டரில் போனது. 160-ல் வந்தாலே, தாக்கும் பகுதி தொடங்குகிற நீலக் கோட்டிலிருந்து கோல் கோடு வரையுள்ள 64 அடியை 0.44 விநாடியில் கடந்துவிடும். கண் பார்த்து கை அசையவே அதில் ஏறக்குறைய பாதி போய்விடும்.

அதனால் கோலி (கோல்கீப்பர்) கையை மட்டும் நம்புவதில்லை. இதையும் செய்து பார்க்கலாம். சுவரில் 18 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு கட்டம் வரையுங்க. நிஜ கோலின் 6 அடிக்கு 4 அடி அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி, செல்போன் டார்ச்சைப் பக் இருக்கும் இடத்தில் வையுங்க. நடுவே கோலியாக ஒரு அட்டைத் துண்டு. அட்டை சுவரை ஒட்டி இருந்தால் நிழல் சின்னது, கட்டத்தின் ஓரங்கள் வெளிச்சமாகத் தெரியும். வெளிச்சம் விழுகிற இடமெல்லாம் கோல் விழுகிற இடம். அட்டையை டார்ச் பக்கம் நகர்த்த நகர்த்த நிழல் கட்டத்தை மூடிவிடும். கோலி முன்னே வந்து நிற்பது இதற்காக. இப்போது அட்டையை அங்கேயே விட்டு, டார்ச்சை மட்டும் ஒரு அடி பக்கவாட்டில் தள்ளுங்க. நிழல் கட்டத்தை விட்டே நழுவிவிடும். எதிரணி பக்கவாட்டில் ஒரு பாஸ் கொடுத்தால் முன்னே வந்த கோலிக்கு நேர்வது இதுதான். எவ்வளவு தூரம் வருவது, எப்போது பின்வாங்குவது என்று அட்டையை நகர்த்தி நகர்த்திப் பாருங்க. குழந்தைகள் இருந்தால் ஒருவர் டார்ச், ஒருவர் அட்டை.