துபாயில் டீச்சர் வேலை: கையெழுத்துப் போடும் முன் செய்யும் தவறுகள்

துபாயில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு வந்தேன். இன்றும் ஊரிலிருந்து யாராவது ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, போகலாமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் மொத்தச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, வருமான வரியும் கிடையாது என்று மனசுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். முதல் தவறே அதுதான்.

போன மாதம் வந்த லெட்டரில் மொத்தம் 6,000 திர்ஹாம். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 2,000தான், மீதியெல்லாம் வாடகைப்படி, போக்குவரத்துப்படி. அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். ஆனால் அதைக் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டும். இந்த லெட்டரின்படி மூன்று வருடத்துக்கு 4,200 திர்ஹாம் கிடைக்கும். அதே 6,000இல் அடிப்படை 4,000 என்று இருந்தால் 8,400! கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

வீடும் அப்படித்தான். அங்கே பெரும்பாலும் வருட வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு செக்குகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பள்ளி வீடு தராவிட்டால் முதல் செக்குக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, நம் பிள்ளைக்கு ஃபீஸ் சலுகை எவ்வளவு, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருப்பதை நம்புவது. அந்தச் சொல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளி என்று சொன்னால் ஐபி அமைப்பின் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். துபாய் தனியார் பள்ளிகளைப் பற்றி, அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேஎச்டிஏ வெளியிட்டிருக்கும் ஆய்வறிக்கைகளை யாரும் படிக்கலாம். எல்லாரும் மேலே இருக்கும் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, ஒரு வருடத்தில் எத்தனை சதவீத ஆசிரியர்கள் மாறியிருக்கிறார்கள் என்ற சின்ன வரியை. வருடாவருடம் கால்வாசிப் பேர் கிளம்பிப் போகும் பள்ளியில் ஏதோ சரியில்லை. அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, வாரத்துக்கு எத்தனை பீரியட், வராதவருடைய வகுப்பு யார் தலையில் விழும், பஸ் டூட்டி உண்டா என்று கேளுங்கள்.

"விசிட் விசாவில் வாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம், மாட்டினால் அபராதமும் அவஸ்தையும் நமக்குத்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் பேச ஒன்றுமில்லை.

சர்டிபிகேட் அட்டஸ்டேஷனைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். அமீரகத்துக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை மட்டும் போதாது, அமீரகத் தூதரக முத்திரையும் வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். அந்த வேலை முடிந்ததும் அசலை வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் அப்படியே; அதைப் பள்ளி பிடித்து வைத்துக்கொள்ள அங்குள்ள சட்டத்தில் இடமில்லை.