பிஸ்டன் அசைந்தால் போதுமா? இன்ஜின் சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் கிராங்க் சுற்றுகிறது, பிஸ்டன் ஏறி இறங்குகிறது, வால்வு சரியான நேரத்தில் திறக்கிறது. இவ்வளவும் நடந்தாலும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு தாங்குமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சைக்கிள் முடியக் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, சுற்ற வேண்டும். நான் அதிகம் பார்க்கும் தவறு, அதை 360 டிகிரியோடு நிறுத்திவிடுவது. எரிப்பு நடக்கும் டிடிசியில் (பிஸ்டன் ஏறி உச்சியில் நிற்கும் நிலை) உச்ச அழுத்தத்தைக் கொடுத்து, ராடு அதைத் தாங்கிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள்.

எரிப்பின்போது வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோ தன் வேகத்தில் மேலே போகப் பார்க்கிறது. ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். எக்ஸாஸ்ட் முடியும் டிடிசியில் அந்த வாயு அழுத்தம் இல்லை. மேலே பாயும் பிஸ்டனை ராடுதான் இழுத்து நிறுத்த வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: ஸ்ட்ரோக் 58 மி.மீ., ராடு நீளம் 100 மி.மீ., 8000 ஆர்பிஎம். டிடிசியில் முடுக்கம் ஏறத்தாழ 26,250 மீ/வி². பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 150 கிராம் என்றால், இழுவிசை 3,900 நியூட்டனுக்கு மேல். கையில் அடங்கும் ஒரு பொருள், அந்தக் கணத்தில் 400 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் ராடை இழுக்கிறது! ராடின் கழுத்தும், இரண்டாகப் பிரியும் ராடானால் பெரிய முனையின் போல்ட்டும் இங்கேதான் சோதனைக்கு உள்ளாகின்றன. 9000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் இந்த விசை 27 சதவீதம் கூடும். ஆகவே 720 டிகிரியும் ஓட்டுங்கள், அதுவும் உச்ச ஆர்பிஎம்மில்.

பிஸ்டன் அசைவை வெறும் கொசைன் அலையாக எடுப்பதும் தவறுதான். ராடு சாய்வதால் டிடிசியில் கூடும் 29 சதவீத முடுக்கம் அதில் காணாமல் போய்விடும்.

அடுத்தது ஆயுள். பாகத்தில் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) யீல்டு அளவுக்கு, அதாவது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவுக்கு, கீழே இருக்கிறது, அதனால் பாஸ் என்று எழுதிவிடக் கூடாது. 8000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4,000 சைக்கிள். ஒரு கோடி சைக்கிள் 42 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு முறை இழுபட்டால் யீல்டை எட்டாமலே விரிசல் விழும். அலுமினியத்துக்கு எஃகைப் போல் தெளிவான ஃபட்டீக் எல்லை (எத்தனை முறை இழுபட்டாலும் உடையாத தகைவு அளவு) கிடையாது. பிஸ்டன் தலை 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அறை வெப்பநிலையில் எடுத்த வலிமை எண்ணை வைத்து என்ன பயன்?

மெஷ் (கணக்குக்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) சுலபமாக வரட்டும் என்று, கிராங்க் பின் அதன் பக்கக் கையான வெப்போடு சேரும் இடத்தின் ஃபில்லட்டை (வளைவாக்கிய மூலையை) அழித்துவிடாதீர்கள். விரிசல் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். கூர்மூலையாக விட்டால் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணையும் நம்ப முடியாது.

டைம் ஸ்டெப்பையும், அதாவது சிமுலேஷன் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நேர இடைவெளியையும், பாருங்கள். 8000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 48 டிகிரி சுற்றிவிடும். அந்த இடைவெளியில் வால்வு சீட்டில் மோதித் துள்ளுவது கண்ணுக்கே தெரியாது.

மி.மீ.–நியூட்டன்–செகண்ட் முறையில் நிறை டன்னில் வரும்; எஃகின் அடர்த்தி 7.85×10⁻⁹ டன்/மி.மீ.³. அங்கே கி.கி./மீ.³ கணக்கில் வரும் 7850 என்று போட்டவர்கள் பலர். டிடிசி முடுக்கத்தையும் இழுவிசையையும் முதலில் காகிதத்தில் கணக்கிடுங்கள். சாஃப்ட்வேர் தரும் எண் அதோடு ஒத்துவராவிட்டால் மெஷ்ஷைத் தொடாமல் யூனிட்டைத் தேடிப் போங்கள்.