எபாக்சி தளம் கீழிருந்துதான் பெயர்கிறது: கடலோர ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்து பூசும் எபாக்சி பூச்சு போட்டு ஓராண்டுகூட ஆகாத தரையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் கொப்புளங்கள் எழும்புவதைக் கடலோரத் தொழிற்கூடங்களிலும் கிடங்குகளிலும் அடிக்கடி காணலாம். அவற்றில் ஒன்றைக் கத்தி முனையால் கீறினால், பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்த நீர் வெளியே வரும். உரிமையாளர் ‘மெட்டீரியல் மட்டம்’ என்பார். ஒப்பந்தக்காரர் ‘ஃபோர்க்லிஃப்டைக் கண்டபடி ஓட்டிவிட்டார்கள்’ என்பார். கொப்புளத்துக்குள் நிற்கும் நீரோ இருவர் கூற்றுக்கும் பொருந்தாது. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கீழிருந்து ஏறி, வெளியேற வழியின்றிப் பூச்சின் அடியில் தங்கிய ஓதம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடி வரையிலான கரையோரத்தில் ஒரு தரைப்பூச்சு தாங்க வேண்டியவை கொஞ்சமல்ல. கத்திரி வெயிலில் கூரையில்லாத கான்கிரீட் தளத்தின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கக்கூடும். இரவில் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தொடும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாழ்வான மனைகளில் நிலத்தடி நீர் தளத்தின் அடிவரை வந்துவிடும். இத்தகைய சூழலில் வெறும் எபாக்சியைவிடக் குவார்ட்ஸ் மணல் தூவிய எபாக்சி நெடுநாள் நிற்பதற்குக் காரணம் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7 என்பதால் அது தேய்மானத்தைத் தாங்கும் என்பது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத காரணம் வெப்ப விரிவு. மணல் சேராத எபாக்சி, வெப்பம் ஏறும்போது கான்கிரீட்டைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரிகிறது. ஆகவே இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் பகலும் இரவும் ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. குவார்ட்ஸ் விரியும் அளவு கான்கிரீட்டின் அளவுக்கு நெருக்கமானது என்பதால், மணல் நிறைந்த பூச்சில் இந்த இழுபறி வெகுவாகத் தணிந்துவிடும். ஆனால் அடியிலுள்ள கான்கிரீட் ஈரமாக இருந்தால் இந்த நன்மை எதுவும் கைகொடுக்காது.

‘கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகிவிட்டது’ என்பதையே உலர்ந்ததற்குச் சான்றாகக் கொள்வதுதான் தவறுகளில் தலையாயது. அந்த 28 நாள் கான்கிரீட் வலிமை பெறுவதற்கான கணக்கே தவிர, ஈரம் வெளியேறுவதற்கான கணக்கு அன்று. கடலோரக் காற்றில் தடிமனான தளம் உலர்ந்து முடிய மாதக்கணக்கில் ஆகும். எளிய சோதனை ஒன்று உண்டு: 45 சென்டிமீட்டர் சதுரமான பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி படிந்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையைத் தொடங்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறிவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதும் தவறுதான். தாள் மேற்பரப்பை மட்டுமே காட்டும். தளத்தின் தடிமனில் 40 விழுக்காடு ஆழத்துக்குத் துளையிட்டு, அதாவது 150 மில்லிமீட்டர் தளமானால் 60 மில்லிமீட்டர் ஆழத்தில், ஈரப்பத உணரியை வைத்து அளப்பதே நம்பத்தக்க முறை. ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் எஃப் 2170 தரவிதி இதைத்தான் சொல்கிறது. எத்தனை விழுக்காடு வரை பூச்சு தாங்கும் என்பதை அந்தந்தப் பொருளின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதிக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். மே மாதத்தில் அளந்து ‘காய்ந்திருக்கிறது’ என்று தீர்மானிக்கப்பட்ட அதே தரை, நவம்பரில் நிலத்தடி நீர் ஏறியதும் ஓதம் காட்டத் தொடங்கும். கான்கிரீட்டுக்கு அடியில் ஓதத்தைத் தடுக்கும் பாலித்தீன் விரிப்புப் போடப்பட்டிருக்கிறதா என்று கட்டியவரிடம் கேட்டறிவதும், சுவரோரங்களில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பதும் எந்தக் கருவியும் வேண்டாத சோதனைகள். விரிப்பே இல்லாத பழைய தளமானால் முதல் அடுக்காக ஈரத்தடுப்பு எபாக்சி பிரைமரை அதன் முழு அளவில் பூசியாக வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க மனமில்லையென்றால், எபாக்சியை மறந்துவிட்டுக் கான்கிரீட்டையே பாலிஷ் செய்துகொள்வது நல்லது. மூடாத தரையில் ஓதம் ஏறினாலும் காற்றில் கலந்துவிடும். கொப்புளம் எழ இடமிருக்காது.

அடுத்தது மேற்பரப்பு. நம் தொழிற்பேட்டைகளில் பெரும்பாலும் ட்ரிமிக்ஸ் முறையில் நீர் உறிஞ்சி, எந்திரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய தளங்களே இருக்கின்றன. அந்த வழவழப்பு கண்ணுக்கு அழகாக இருந்தாலும் பிரைமர் இறங்கிப் பிடிக்க அதில் இடமில்லை. புதுக் கான்கிரீட்டின் ஈரம் விரைந்து ஆவியாகாமலிருக்கக் கியூரிங் காம்பவுண்ட் தெளித்த தளமானால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் போதும்: அது உருண்டு நின்றால் ஏதோ ஒரு படலம் தடுக்கிறது என்று பொருள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தரையைச் சீரற்று அரிப்பதோடு, கான்கிரீட்டுக்குள் குளோரைடு உப்பை விட்டுச்செல்கிறது. அதைக் கழுவ ஊற்றும் நீரோ, உலர்த்தப் பாடுபட்ட தளத்தை மீண்டும் நனைக்கிறது. வைரப்பல் பதித்த கிரைண்டரோ, எஃகு மணிகளை வீசித் தரையைக் கொத்தும் ஷாட் பிளாஸ்டிங் எந்திரமோ கொண்டு, நடுத்தர உப்புத்தாளைத் தடவியதுபோன்ற சொரசொரப்பு வரும்வரை தேய்த்துத் தூசியை உறிஞ்சி எடுப்பதே சரியான வழி. அந்தத் தூசியில் சிலிக்கா இருப்பதால், வாக்குவம் இணைப்பில்லாமல் கிரைண்டர் ஓட்டச் சொல்வதும், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று தொழிலாளியை அனுப்புவதும் சிலிகோசிஸ் நோய்க்கு அனுப்புவதாகும். தேய்த்த பிறகு பிடிமானத்தை, தரையில் ஒரு வட்டை ஒட்டி இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையால் அளக்கலாம்; சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு.

பூசும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவமுள்ளவர்களும் இடறுகிறார்கள். காலையில் தளம் சூடேறத் தொடங்கும்போது அதன் துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியேறும். அந்நேரத்தில் பிரைமர் அடித்தால் பூச்சு முழுவதும் குமிழிகளும் ஊசித்துளைகளும் தோன்றும். தளம் குளிரத் தொடங்கும் மாலையில் அடித்தால் துளைகள் பிரைமரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே மாலையே நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கடலோர மாலைக்கு வேறொரு சிக்கல் உண்டு. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். தரையின் வெப்பம் அதைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் அடிப்படை விதி. காற்று 28 டிகிரியிலும் ஈரப்பதம் 85 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. தரையும் 28 டிகிரியில் இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறோம். அது இன்னும் ஒரு டிகிரி குளிர்ந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். இதைக் கவனியாமல் பூசினால் எபாக்சியின் ஹார்டனரிலுள்ள அமைன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து, காலையில் தரைமீது மெழுகு தடவியதுபோல ஒரு வெண்படலம் படிந்திருக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கைப் பூசினால் அது பட்டை பட்டையாக உரியும். வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, லேசாகத் தேய்த்த பிறகே தொடர வேண்டும். பிற்பகலின் பிற்பாதியில் தொடங்கி, பனிநிலை நெருங்குமுன் முடித்துவிடுவதே நம் ஊர்களுக்கு ஒத்துவரும் வழக்கம். இரவு முழுதும் தரையின் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் யாராவது குறித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான கருவிகளின் விலை, பெயர்ந்த பூச்சைச் சுரண்டும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வெப்பம் கலவையையும் விடுவதில்லை. பத்து டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் கலவை 35 டிகிரியில் கால் மணி நேரத்திலேயே கெட்டியாகத் தொடங்கும். வாளியிலேயே விட்டுவைத்தால் தன் சூட்டாலேயே இன்னும் விரைவில் இறுகி, சில வேளைகளில் புகையும் விடும். கலந்த உடனே தரையில் ஊற்றிப் பரப்புவதுதான் மாற்றுவழி. இறுகத் தொடங்கியதும் தின்னர் ஊற்றி இளக்குவது, ஹார்டனரைக் கண்மட்டமாகச் சேர்ப்பது, வாளியின் ஓரத்தில் ஒட்டிய கலக்காத பகுதியைத் தரையில் கவிழ்த்து வழிப்பது ஆகிய மூன்றும் எப்போதும் காயாத ஒட்டும் திட்டுகளையே தரும்.

குவார்ட்ஸ் தூவும்போது மணல் உலையில் உலர்த்தியதாக இருக்க வேண்டும். லாரியில் வந்த மணலையோ எம்-சாண்டையோ சலித்துப் பயன்படுத்தினால் ஈரமும் தூளும் பிசினைக் கெடுக்கும். கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிசின் ஈரமாக இருக்கும்போதே, கைப்பிடி மணலை மேல்நோக்கி வீசி அது தானாகச் செங்குத்தாக விழும்படி தூவ வேண்டும்; தரையை நோக்கி எறிந்தால் அலையலையாக மேடுபள்ளம் விழும். இனிமேல் ஏற்காது என்னும் அளவுக்கு, ஓர் அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை தூவி, மறுநாள் ஒட்டாத மணலைக் கூட்டியெடுக்கிறார்கள். ஈரம் மினுக்கும் இடம் கண்ணில் பட்டால் அங்கே உடனே மணல் போட வேண்டும். கடைசி சீல் பூச்சில் கஞ்சத்தனம் காட்டினால் மணல் இடுக்குகளில் அழுக்கு ஏறித் தரை கறுக்கும். தாராளம் காட்டினால் சொரசொரப்பு மூழ்கி, மழைநாளில் தரை வழுக்கும்.

வெயில் நேரடியாகப் படும் மொட்டைமாடி, வாகனச் சரிவு, திறந்த வராந்தா ஆகிய இடங்களில் எபாக்சியையே இறுதிப் பூச்சாக விடக் கூடாது. புற ஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கி, பின் மாவுபோல உதிரச் செய்யும். அலிபாட்டிக் பாலியூரித்தேன் அல்லது பாலிஅஸ்பார்ட்டிக் பூச்சு அதன்மேல் வேண்டும். மேலும் சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால், நெடுந்தூரம் ஓடி வந்த காரின் சூடான டயர் அதைப் பெயர்த்தெடுக்கும் வாய்ப்பும் உண்டு. கொதிநீராலும் நீராவியாலும் கழுவும் மீன் பதப்படுத்தும் கூடங்களுக்கு எபாக்சியைப் பரிந்துரைப்பவரை நான் நம்பமாட்டேன். அங்கே 6 முதல் 9 மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் கான்கிரீட்தான் தாங்கும்.

கான்கிரீட் விரிந்து சுருங்க விட்ட இடைவெளிகளான விரிவு மூட்டுகளை மூடி மேலே பூசினால் அதே கோட்டில் வெடிப்பு வரும் என்பதால், மூட்டைப் பூச்சின் வழியாகவும் வெட்டி, நெகிழும் சீலன்ட்டால் நிரப்ப வேண்டும்.

விலைப்புள்ளி வாங்கும்போது ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனம் வேண்டுமானால் கரைப்பான் சேராத எபாக்சி ஒரு லிட்டர் தேவை. 1,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் கனமுள்ள, தானே மட்டமாகும் எபாக்சி தளத்துக்குக் கிட்டத்தட்ட 186 லிட்டர் வர வேண்டும். பாதியளவு டப்பாக்களே இறங்கினால் கனமும் பாதிதான். ஒப்பந்தத்தில் பூச்சின் கனத்தை மைக்ரானிலும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தூவ வேண்டிய மணலின் எடையையும், ஈரச்சோதனையின் பதிவையும் எழுத்தில் கேட்டு வாங்கி, வேலை நடக்கும் நாளில் காலி டப்பாக்களை எண்ணி முடிக்கும்வரை குப்பைக்குப் போக விடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். நடமாட்டத்தை மறுநாளே விடலாம். ஃபோர்க்லிஃப்டையும் ரசாயனக் கசிவையும் முழு இறுக்கம் பெறும் 7 நாள் வரை தள்ளிவைக்க வேண்டும்.